டைப் புலத்துக்குக் காவல் போடுங்கள்

ரூபி மொழியின் வெப் ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸில் இன்ஹெரிட்டன்ஸை (ஒரு தாய் கிளாஸிலிருந்து பிள்ளை கிளாஸ்கள் வருவதை) ஒரே டேபிளில் அடக்குவது சுலபம். அறிவிப்புகள் டேபிளில் ‘டைப்’ என்று, கிளாஸின் பெயரை வைக்கும் ஒரு ஸ்ட்ரிங் புலம் இருந்தால் போதும். மின்னஞ்சல், குறுஞ்செய்தி இரண்டும் அறிவிப்பு கிளாஸின் பிள்ளைகள். குறுஞ்செய்திகளை மட்டும் கேட்டால் டைப் நிபந்தனையை ரெயில்ஸே குவெரியில் (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கேள்வியில்) சேர்த்துவிடும்.

சிக்கல் தொலைபேசி எண்ணில் தொடங்கும். குறுஞ்செய்திக்கு அது கட்டாயம், மின்னஞ்சலுக்குத் தேவையே இல்லை. ஆகவே அந்தப் புலத்தில் ‘நாட் நல்’ (‘நல்’, அதாவது மதிப்பே இல்லாமல், விடக்கூடாது என்ற கட்டுப்பாடு) போட முடியாது. மாடலில் (டேபிளைக் கையாளும் கிளாஸில்) வேலிடேஷன், அதாவது சேமிக்கும் முன் செய்யும் சோதனை, எழுதினால் போதும் என்பார்கள், போதாது. பல வரிசைகளை ஒரே அடியாக மாற்றும் அப்டேட்_ஆல், சேர்க்கும் இன்சர்ட்_ஆல் இரண்டும் வேலிடேஷனைத் தொடுவதே இல்லை.

டேபிளிலேயே ஒரு செக் கட்டுப்பாடு (ஒவ்வொரு வரிசையும் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனை) வையுங்கள்: ஒன்று டைப் குறுஞ்செய்தி அல்லாததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எண் ‘நல்’ ஆக இருக்கக்கூடாது. ரெயில்ஸ் 6.1 முதல் இதற்கு மைக்ரேஷனிலேயே (டேபிள் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்டிலேயே) கட்டளை உண்டு. பழைய வரிசைகளில் எண் விடுபட்டிருந்தால் மைக்ரேஷன் பாதியில் நிற்கும்; முதலில் அவற்றைத் தேடிச் சரிசெய்யுங்கள்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. எண்ணோடு டைப்பும் ‘நல்’ ஆக இருந்தால் நிபந்தனையின் விடையும் ‘நல்’ ஆகிவிடும். செக் அதைத் தடுக்காமல் விட்டுவிடும். எனவே டைப்புக்கு நாட் நல் அவசியம். தாய் கிளாஸை நேரடியாகச் சேமித்தால் டைப் ‘நல்’ ஆகவே போகும், ஆக அந்த வழியும் அடைபடும். நல்லதுதான். அதற்காகத் தாய் கிளாஸில் அப்ஸ்ட்ராக்ட்_கிளாஸ் (தனக்கென டேபிள் இல்லாத கிளாஸ் என்ற குறி) போட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றும் தனி டேபிளைத் தேடப் போகும்.

கிளாஸ் பெயரை மாற்றினால் பழைய பெயர் வரிசைகளிலேயே தங்கிவிடும். படிக்கும்போது அந்தப் பெயரில் கிளாஸ் இல்லை என்று சப்கிளாஸ்நாட்ஃபவுண்ட் பிழை வரும். பெயர் மாற்றமும் டேட்டா மாற்றமும் சேர்ந்தே போக வேண்டும். வேறு எதற்காவது ‘டைப்’ என்று புலம் வைத்திருந்தாலும் இதே பிழைதான். அப்போது, கிளாஸ் பெயர் எந்தப் புலத்தில் இருக்கிறது என்று சொல்லும் இன்ஹெரிட்டன்ஸ்_காலம் (inheritance_column) அமைப்பை ‘நில்’ (nil, மதிப்பு இல்லை) ஆக்குங்கள்.

பைத்தான் மொழியின் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ வேறு வழி. அங்கே தாய் மாடலை அப்படியே நீட்டினால் பிள்ளைக்குத் தனி டேபிள் உருவாகும். தாயைச் சுட்டும் ஒன்றுக்கு-ஒன்று புலமே அதன் பிரைமரி கீ (வரிசையை அடையாளம் காட்டும் புலம்). பிள்ளையைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு டேபிள்களையும் இணைக்கும் ஜாயின். தாய்ப் பட்டியலைச் சுற்றிவந்து பிள்ளையைத் தொட்டால் வரிசைக்கு ஒரு குவெரி. தொடர்புள்ள வரிசைகளையும் ஒரே குவெரியில் எடுக்கும் செலக்ட்_ரிலேடட் அதைக் குறைக்கும். பல வரிசைகளை ஒரே அடியாகச் சேர்க்கும் பல்க்_கிரியேட் இந்தப் பிள்ளை மாடல்களை ஏற்காது. எல்லா வகையையும் ஒரே பட்டியலில் காட்டத் தேவையில்லை என்றால் தனக்கென டேபிள் இல்லாத அப்ஸ்ட்ராக்ட் தாயே போதும்.

பிள்ளைகளுக்குள் பொதுவான புலங்களைவிடத் தனிப் புலங்கள் அதிகமாகிவிட்டால் ரெயில்ஸிலும் ஒரே டேபிளைப் பிடித்துத் தொங்க வேண்டாம். 6.1-இல் வந்த டெலிகேடட்_டைப்புக்கு மாறுங்கள்: பொதுப் புலங்கள் ஒரு டேபிளில், மற்றவை அவரவர் டேபிளில். அங்கே தொலைபேசி எண்ணுக்கு நேராகவே நாட் நல் போடலாம்.