புருவ மத்தியில் பதினாறு வாரம்

புருவ மத்தியில் இருப்பதாக யோகத்தில் சொல்லப்படும் சக்தி மையம் ஆக்ஞை சக்கரம். அங்கே கவனம் வைக்கும் தியானத்தை ஒழுங்காகச் செய்து பார்ப்பது என்று முடிவெடுத்த அன்றே ஒரு நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன், என்ன செய்தேன், புருவ மத்தியில் என்ன தெரிந்தது, இந்த மூன்றையும் அன்றன்றே எழுதிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. இன்றோடு 112 நாள். நடுவில் ஒன்பது நாள் விட்டுப்போனது. மற்ற நாட்களின் குறிப்பெல்லாம் இருக்கிறது. நான் முதலில் செய்த தவறை இப்போது செய்துகொண்டிருப்பவர்கள் நிறைய பேர் இருப்பார்கள் என்று தோன்றுவதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாள் 1 முதல் 12 வரை

நெற்றிக்கு நேரே புருவத்து இடைவெளியை "உற்றுற்றுப் பார்க்க"ச் சொல்கிறார் திருமூலர். நான் அதைக் கண்ணுக்கு இட்ட வேலை என்று எடுத்துக்கொண்டேன். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, இமையை மூடி, இரண்டு விழிகளையும் மேலேற்றி, மூக்கு தொடங்கும் இடத்துக்குக் கொண்டுவந்து பிடித்தேன். இருபது நிமிடம். விழி கீழே இறங்கினால் மறுபடி ஏற்றுவேன்.

ஐந்தாம் நாள் குறிப்பு: "கண்ணுக்குப் பின்னால் மந்தமான வலி. சக்கரம் அசைகிறது போலும்." ஒன்பதாம் நாள் ஊதா நிறத்தில் ஒரு வட்டம் விரிந்து சுருங்கியது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன். பன்னிரண்டாம் நாள் எழுந்தபோது எழுத்துகள் ஒரு நொடி இரண்டிரண்டாகத் தெரிந்தன. தலைவலி மாலை வரை விடவில்லை.

அதோடு நிறுத்திவிட்டு ஒரு சோதனை செய்தேன். தியானம் எதுவும் இல்லாமல், சும்மா நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி விழிகளை இறுக்கி மேலேற்றினேன். ஒரு நிமிடத்துக்குள் அதே ஊதா வட்டம் வந்துவிட்டது. விழித்திரை, இருட்டிலும் முழுக்க ஓய்ந்துவிடுவதில்லை. விழியை அழுத்தினாலோ இழுத்தாலோ, வெளியே ஒளி இல்லாமலே ஒளி தெரியும். கண்ணைக் கசக்கும்போது தெரியும் மின்னல்களும் இந்த வகைதான், பாஸ்ஃபீன் என்பார்கள். ஆக, நான் பார்த்தது விழியை இழுத்ததால் வந்த ஒளி. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் இன்னும் மூன்று மாதம் இதே வழியில் போயிருந்தால் எங்கே போய் நின்றிருப்பேனோ.

அக்கா சொன்னது

என் அக்கா பல வருடமாக யோகம் செய்கிறவர். வீட்டுக்கு வந்திருந்தபோது எப்படி உட்காருகிறேன் என்று செய்து காட்டச் சொன்னார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"கண்ணைத் திறடா. நெற்றியில் மூணு கோடு விழுந்திருக்கு. தாடையும் இறுகிப் போயிருக்கு. அங்கே எதைப் பிடிச்சு இழுக்கிறே?"

"புருவ மத்தியைப் பார்க்கிறேன் அக்கா."

"கண்ணை வச்சு உன் நெற்றியை எப்படிடா பார்ப்பே? அது தோல். தொட்டுப் பாரு."

அப்புறம் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, விரல் நுனியை நனைத்து என் புருவ மத்தியில் ஒரு புள்ளி வைத்தார். "கண்ணை அதுபாட்டுக்கு விடு. இந்தப் புள்ளி காயற வரைக்கும் அது இருக்கிற இடம் தெரியுதான்னு மட்டும் பாரு." நீர் காயும்போது அந்த இடம் குளிர்ந்து, மெல்ல இறுகி, ஓர் எள்ளளவு இடமாகத் தெளிவாகத் தெரிந்தது. விழிகள் எங்கே இருந்தன என்ற நினைவே எனக்கு இல்லை.

நாள் 15 முதல்: உற்றறிவு

அன்று இரவு "உற்று" என்ற சொல்லையே யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். தொல்காப்பியம் உயிர்களை வகைப்படுத்தும்போது, ஓரறிவு என்பது உற்றறிவது என்கிறது. அங்கே உற்றறிதல் என்றால் தொடு உணர்ச்சி. உறுதல் என்றாலே போய்ச் சேர்தல், தொடுதல். அப்படியானால் உற்றுற்றுப் பார்ப்பது என்பதை, முறைத்துப் பார்ப்பது என்று கொள்ளாமல், அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டு உணர்வது என்று கொள்ளலாமே? உரையாசிரியர்கள் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. இது என் வாசிப்பு. ஆனால் என் பயிற்சி அன்றிலிருந்து மாறிப்போனது.

செய்முறை இதுதான். உட்கார்ந்ததும் முதலில் தாடையைத் தளர்த்துவேன், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டாமல். நாக்கையும் தளர விடுவேன். இரண்டு புருவங்களும் காதுப் பக்கமாக விலகி வழிவதாக நினைப்பேன். புருவத்தைச் சுளிக்கும் தசை அப்போதுதான் விடுகிறது. பிறகு நீர்ப்புள்ளி. பிறகு மூச்சு உள்ளே வரும்போது அந்தப் புள்ளியில் என்ன தெரிகிறது, வெளியே போகும்போது என்ன தெரிகிறது என்று மட்டும் கவனிப்பேன். பத்து நிமிடம்.

முதல் வாரத்தில் புள்ளி காய்ந்ததும் உணர்ச்சியும் போய்விட்டது. மறுபடி நனைத்துக்கொள்வேன், ஒரு அமர்வில் நான்கைந்து தடவை. 24-ஆம் நாள் ஒரே ஒரு தடவை போதுமானதாக இருந்தது. 31-ஆம் நாள் நனைக்க மறந்துவிட்டேன். மறந்ததே பாதியில்தான் தெரிந்தது. அந்த எள்ளளவு இடம் தானாகவே அங்கே இருந்தது. லேசான குறுகுறுப்பு, உள்ளிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி ஒரு மெல்லிய அழுத்தம். வலி துளியும் இல்லை. வலிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு முறை தெரிந்துவிட்டால் பிறகு குழப்பமே வராது: வலி இரண்டு கண்களுக்கும் பரவும், இது ஒரே இடத்தில் நிற்கும்.

பிராமரி

இதை ஐந்தாவது வாரம் சேர்த்தேன். முன்பே சேர்த்திருக்கலாம். வாயை மூடி, மூச்சை விடும்போது வண்டு முரல்வது போல "ம்ம்ம்" என்று நீட்டுவது, அவ்வளவுதான். காதைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டால் ஒலி உள்ளேயே சுழலும். சுருதியைக் கொஞ்சம் மேலே கீழே மாற்றிப் பார்த்தேன். எனக்கு ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டும் அதிர்வு மூக்குத் தண்டிலிருந்து ஏறிப் புருவ மத்தியில் வந்து நிற்கிறது. அதற்குக் கீழே போனால் மார்பில் இறங்கிவிடுகிறது. அவரவர் உயரத்தை அவரவர்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

புருவத்துக்குச் சற்று மேலே, நெற்றி எலும்புக்குள் காற்றறைகள் இருக்கின்றன, அவை மூக்கோடு இணைந்தவை. 2002-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், ம்ம் என்று முரலும்போது மூக்கில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு அமைதியாக மூச்சு விடும்போது இருப்பதைவிட 15 மடங்கு கூடுவதாகக் கண்டார்கள். ஒலியின் அதிர்வு அந்த அறைகளில் காற்றுப் பரிமாற்றத்தை வேகப்படுத்துவதுதான் காரணம். அதற்கும் சக்கரத்துக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. பன்னிரண்டு முரல் முடித்ததும் வரும் அமைதியில் புள்ளியைத் தேட வேண்டிய வேலையே இல்லை என்பது மட்டும் என் அனுபவம்.

திராடகம்

ஹட யோகத்தில் சொல்லப்படும் ஆறு சுத்திக் கிரியைகளில் ஒன்று. விளக்குச் சுடரைக் கண் மட்டத்தில், ஒரு கை நீளத்துக்கும் சற்றுத் தள்ளி, காற்று அடிக்காத இடத்தில் வைத்து, இமைக்காமல் பார்ப்பது. கண்ணீர் வரும் வரை என்பது நூல் சொல்லும் அளவு. நான் கண் கரிக்கத் தொடங்கியதுமே மூடிவிடுவேன். கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), விழித்திரைக் கோளாறு, வலிப்பு நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கழற்றிவிட்டு உட்காருங்கள்.

கண்ணை மூடியதும் சுடரின் பின்பிம்பம் தெரியும். எனக்குப் பச்சை கலந்த நீலம், அப்புறம் ஊதா. முதல் நாள் 20 நொடியில் போய்விட்டது. பிடித்து வைக்கப் பார்த்தேன், ஓரமாக நழுவியது. துரத்தினேன், இன்னும் ஓடியது. அந்தப் பிம்பம் பதிந்திருப்பது விழித்திரையில். விழி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமே பிம்பமும் போகும், எனவே துரத்திப் பிடிக்க முடியாது. இது புரிந்ததும் திராடகம் எனக்கு ஒரு அளவுகோலாக மாறிவிட்டது. பிம்பம் ஆடினால் விழி ஆடுகிறது. பிம்பம் நின்றால் விழி நின்றிருக்கிறது. விழி நிற்கும் அந்தச் சில நொடிகளில் மனதில் சொல் ஓடுவதும் குறைகிறது. இதை எத்தனையோ தடவை சரிபார்த்துவிட்டேன். எட்டாவது வாரம் பிம்பம் 70 நொடி வரை நின்றது. அதற்கு மேல் கூடவில்லை, கூட்ட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

இடறிய இடங்கள்

ஏழாவது வாரம் இரவு பத்து மணிக்கு மாற்றிப் பார்த்தேன். பிராமரியும் திராடகமும் முடித்துப் படுத்தால் உடம்பு களைத்திருக்கிறது, புருவ மத்தி மட்டும் விழித்துக்கொண்டிருக்கிறது. நான்கு இரவு சரியாகத் தூங்கவில்லை. விடியற்காலைக்குத் திரும்பிவிட்டேன்.

63-ஆம் நாள் சளி பிடித்தது. மூக்கடைப்போடு முரலப் பார்த்தால் தலை கனக்கிறது. ஒன்பது நாள் எதுவும் செய்யவில்லை. எல்லாம் போய்விட்டது என்று நினைத்துத் திரும்ப உட்கார்ந்தால், மூன்றாம் நாளே பழைய இடத்துக்கு வந்துவிட்டது. உட்காருவதற்கு முன்பு நாடி சுத்தி என்ற மூச்சுப் பயிற்சி ஐந்து சுற்று செய்துகொண்டது உதவியது. இடம், வலம் மாற்றி மூச்சு விடும்போது இரண்டு மூக்குத் துளையும் சமமாகத் திறக்கிற நாட்களில் அமர்வு நன்றாகவே போகிறது.

ஊதா நிறம், பினியல் சுரப்பி

ஊதா நிறம் தெரிந்தால்தான் ஆக்ஞை திறந்ததாக அர்த்தம் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பூர்ணானந்தர் 1577-ல் இயற்றிய, ஆறு சக்கரங்களை விளக்கும் ஷட்சக்ர நிரூபணத்தில் சக்கரங்கள் தாமரைகளாகச் சொல்லப்படுகின்றன; ஆக்ஞைத் தாமரைக்கு இரண்டே இதழ், அவற்றில் ஹ, க்ஷ என்ற எழுத்துகள், நிறமோ நிலவைப் போன்ற வெண்மை. சக்கரங்களுக்கு வானவில் வரிசையில் நிறம் கொடுப்பது 20-ஆம் நூற்றாண்டில் பரவிய வழக்கம். பினியல் சுரப்பிதான் மூன்றாவது கண் என்பதையும் 1888-ல் தியோசபி என்ற ஆன்மிக இயக்கத்தின் பிளாவட்ஸ்கி எழுதியது பெரிதும் பரப்பியது. அந்தச் சுரப்பி ஓர் அரிசி அளவில் மூளையின் நடுவே இருக்கிறது, இரவில் மெலடோனின் என்ற, தூக்கத்தோடு தொடர்புள்ள ஹார்மோனைச் சுரக்கிறது. அற்புதமான உறுப்புதான். அதைத் "தட்டி எழுப்புகிறோம்" என்று சொல்லிக் காசு கேட்பவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

ஆக்ஞை என்றால் ஆணை. இந்தப் பொருள்தான் எனக்கு நாளுக்கு நாள் பொருந்தி வருகிறது. 90-ஆம் நாளுக்கு அப்புறம் ஒரு மாற்றத்தைக் கவனிக்கிறேன். யாரிடமாவது சுருக்கென்று பதில் சொல்ல வாய் திறக்கும் முன், புருவம் சுளிக்கத் தொடங்குவது தெரிகிறது. தெரிந்தவுடன் அது தளர்கிறது. எல்லாத் தடவையும் இல்லை. நேற்று மூன்று முறை சுளித்தது, இரண்டு முறை தெரிந்தது. இதையும் நோட்டில் தனியாக எண்ணிக்கொண்டு வருகிறேன்.

இப்போது

விடியற்காலை 5 மணி. நாடி சுத்தி ஐந்து சுற்று, பிராமரி பன்னிரண்டு, அப்புறம் புருவ மத்தியில் கவனம் இருபது நிமிடம். திராடகம் வாரம் இரண்டு நாள் மட்டும். உருவங்கள், காட்சிகள் எதுவும் வரவில்லை. 104-ஆம் நாளும் 109-ஆம் நாளும் மூடிய கண்ணுக்குள் இருட்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, மேகத்துக்குப் பின்னால் நிலவு இருக்கும்போது வானம் தெரியுமே, அந்த மாதிரி ஆனது. விழியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், தளர்ந்துதான் இருந்தது. தொட்டதும் வெளிச்சம் போய்விட்டது. அடுத்த முறை வந்தால் தொடாமல் இருந்து பார்க்க வேண்டும்.