திரைக்குப் பின்னால் நிறுத்த முடியாத கலை

வயலின் கற்பவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே வரியை நூறு முறை வாசித்துப் பார்க்கலாம்; அபஸ்வரம் வந்தாலும் அது அந்த நான்கு சுவர்களுக்குள்ளேயே அடங்கிவிடும். சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்னும் பெரிய வாத்தியக் குழுவை முன்னால் நின்று கையசைவால் வழிநடத்தும் நடத்துநராகப் பயில்பவருக்கு அந்த வசதி கிடையாது. எல்லா வாத்தியங்களின் பகுதிகளும் எழுதப்பட்ட ஸ்கோரை வரி வரியாக மனப்பாடம் செய்யலாம், கண்ணாடி முன் நின்று கையசைத்தும் பார்க்கலாம். ஆனால் அவருடைய வாத்தியம் என்பது எழுபது, எண்பது மனிதர்கள். அவர்கள் அனைவரும் வந்து அமர்ந்து, அவரை நிமிர்ந்து பார்க்கச் சம்மதித்தால்தான் அவருடைய சாதகமே தொடங்கும். பெண்கள் இந்த மேடையில் ஏற ஏன் இவ்வளவு காலம் பிடித்தது என்று யோசிக்கும்போதெல்லாம் நான் இந்த இடத்துக்கே திரும்பி வருகிறேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அவர்களை யாரும் நிராகரிக்கவில்லை. வாத்தியத்தையே கையில் கொடுக்கவில்லை.

அந்தோனியா பிரிக்கோ என்ற நடத்துநரின் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் இது எனக்குத் தெளிவாயிற்று. 1902இல் ராட்டர்டாமில் பிறந்து, சிறு வயதிலேயே வளர்ப்புப் பெற்றோருடன் கலிபோர்னியாவுக்குச் சென்றவர் அவர். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின் பெர்லினுக்குச் சென்று, அங்குள்ள அரசு இசைக் கல்விக்கழகத்தில் இசை நடத்தும் உயர்நிலைப் பயிற்சியை 1929இல் முடித்தார். அந்தப் பயிற்சியை முடித்த முதல் அமெரிக்கர் அவரே. கார்ல் மூக் போன்ற ஒரு பெரிய நடத்துநரிடம் நேரடியாகப் பாடம் கேட்டவர். 1930இல், இருபத்தேழு வயதில், பெர்லின் ஃபில்ஹார்மோனிக் என்ற புகழ்பெற்ற ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். அதே ஆண்டு கோடையில் ஹாலிவுட் பவுல் அரங்கிலும் மேடையேறினார். இப்படித் தொடங்கிய ஓர் ஆணாக இருந்திருந்தால், அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஏதேனும் ஒரு நகரத்தின் நிரந்தர நடத்துநர் பதவி அவரைத் தேடி வந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

பிரிக்கோவைத் தேடி வந்தது வேறு. 1933இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில், வேலையிழந்த இசைக்கலைஞர்களைத் திரட்டி அமைத்த ஓர் ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. இரண்டு கச்சேரிகள் நடந்தன. மூன்றாவது கச்சேரியில் பாடவிருந்த புகழ்பெற்ற பாரிடோன் (இடைத்தர ஆண் குரல்) பாடகர், ஒரு பெண்ணின் கையசைவுக்குத் தாம் பாட முடியாது என்று மறுத்துவிட்டார். பிரிக்கோவின் தாளம் தவறு என்றோ, அவருக்கு ஸ்கோர் தெரியவில்லை என்றோ அந்தப் பாடகர் சொல்லவில்லை. முந்தைய இரு கச்சேரிகளில் பிரிக்கோ எப்படி நடத்தினார் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லாமல் போயிற்று. மூன்றாவது கச்சேரியை நடத்தும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

வாத்தியம் கிடைக்காதபோது அவர் செய்தது, வாத்தியத்தையே உருவாக்கியது. 1934இல் நியூயார்க்கில் பெண்கள் மட்டுமே வாசிக்கும் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்கு நடத்துநரானார். டிராம்போன் என்ற ஊதுகருவியும் டபுள் பேஸ் என்ற பெரிய வில்வாத்தியமும் டிம்பனி என்ற முரசும் பெண்ணின் உடலுக்குப் பொருந்தாதவை என்று சொல்லப்பட்ட காலம் அது. அவற்றையும் பெண்களே வாசித்தார்கள். பெண்களால் முடியும் என்பது நிலைநாட்டப்பட்டபின், 1939இல் அவர் ஆண்களையும் சேர்த்துக்கொண்டார். அவரைப் பற்றிய செய்திகளில் இதை நான் பெரிதும் மதிக்கிறேன். அவருக்கு வேண்டியிருந்தது தனியாக ஓர் அறை அன்று, எல்லோரும் இருக்கும் அறையில் தமக்குரிய இடம். இடையில் 1938இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கையும் நடத்தினார். அந்த ஆர்கெஸ்ட்ராவை நடத்திய முதல் பெண் அவர்.

1942இல் அமெரிக்காவின் டென்வர் நகருக்குக் குடிபெயர்ந்தார். ஒரு தொழில்முறை ஆர்கெஸ்ட்ராவின் நிரந்தரப் பொறுப்பு அங்கும் அவருக்குக் கிடைக்கவில்லை. பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டு, மாலை நேரங்களில் ஓர் அமெச்சூர் குழுவை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். சிறு வயதில் அவரிடம் பியானோ பயின்ற பாடகி ஜூடி காலின்ஸ், 1974இல் தம் ஆசிரியரைப் பற்றி ஓர் ஆவணப்படம் தயாரித்தபிறகே பெரிய அரங்குகளுக்கு அவர் நினைவு வந்தது. அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது. 1946இல் ஃபின்லாந்தின் பெரும் இசையமைப்பாளர் சிபேலியஸே ஹெல்சிங்கிக்கு அழைத்து மேடையேற்றிய ஒருவர், ஆண்டுக்கு நான்கைந்து கச்சேரிகளே கிடைப்பதை எண்ணி வருந்தும் நிலையில் முதுமையைக் கழித்தார் என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

வாத்தியம் வாசிக்கும் பெண்களுக்காவது ஒரு வழி பிறந்தது. 1970களிலிருந்து அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்கள் பலவும் தேர்வுக்கு வருபவரைத் திரைக்குப் பின்னால் அமர்த்தி வாசிக்கச் சொன்னார்கள். காலணியின் ஒலிகூட ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் தரையில் கம்பளம் விரித்தார்கள். நடத்துநருக்கு அப்படி ஒரு திரையைப் போட வழியில்லை. அவரிடமிருந்து ஒலியே எழுவதில்லை; கண், முகம், தோள், கை, மூச்சு இவையே அவருடைய மொழி. எந்த உடலைக் காரணம் காட்டி அவரை ஒதுக்குகிறார்களோ அந்த உடலைக் கொண்டுதான் அவர் தம் கலையைச் செய்தாக வேண்டும்.

அமெரிக்க நடத்துநர் மாரின் ஆல்சப் இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். ஓர் ஆண் மென்மையாகக் கையசைத்தால் நுண்ணுணர்வு என்கிறார்கள். அதே அசைவைப் பெண் செய்தால் வலுவில்லை என்கிறார்கள். ஒன்பது வயதில் நடத்துநராகும் ஆசையைச் சொன்னபோது, பெண்கள் அதைச் செய்வதில்லை என்று அவருடைய வயலின் ஆசிரியர் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட தந்தை, நடத்துநர் கையில் பிடிக்கும் குச்சிகளான பேட்டன்களை ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்து மகளிடம் கொடுத்தார். அந்தப் பெட்டியோடு நின்றுவிட முடியாது என்பதால், 1984இல் ஆல்சப்பும் பிரிக்கோவைப் போலவே தமக்கென ஒரு குழுவைத் திரட்டினார். 2007இல் பால்டிமோர் சிம்பொனியின் இசை இயக்குநராகப் பொறுப்பேற்று, பெரிய அமெரிக்க ஆர்கெஸ்ட்ரா ஒன்றின் தலைமைக்கு வந்த முதல் பெண்ணானார். வியன்னா ஃபில்ஹார்மோனிக் பெண்களை உறுப்பினர்களாகவே 1997இல்தான் ஏற்றது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் பெரியவர்களின் கதையோடு என் சிறிய அனுபவத்தைச் சேர்ப்பதற்குத் தயக்கம் இருந்தாலும், சொல்லிவிடுகிறேன். ஓர் அமெச்சூர் ஸ்டிரிங்ஸ் (தந்தி வாத்தியக்) குழுவில் நான் இரண்டாம் வயலின் வாசிக்கிறேன். ஒரு நாள் ஒத்திகைக்கு எங்கள் நடத்துநர் வரத் தாமதமானதால் என்னை முன்னால் நிற்கச் சொன்னார்கள். முதல் ஸ்வரத்துக்கு முன்பு கை மேலெழும் அந்த ஒரு வீச்சிலேயே வேகம், அழுத்தம், வில்லின் தன்மை எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். அதை அப்பீட் என்போம். என் அப்பீட்டில் வேகம் இல்லை. செல்லோக்கள் முந்திக்கொண்டன, வயலின்கள் பின்தங்கின. “சார் வந்துடட்டும்மா, அதுவரைக்கும் அவங்கவங்க பகுதியைப் பார்த்துக்கலாம்” என்றார் மூத்த செல்லோ கலைஞர் ஒருவர். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் மூன்று வாரங்களுக்கு முன்பு அதே இடத்தில் நின்று, அதே பிழையைச் செய்த இளைஞரிடம் அவர் சொன்னது, “இன்னொரு தரம் எடுங்க தம்பி” என்பதுதான்.

அந்த “இன்னொரு தரம்” எனக்கு வேண்டும் என்று நானே கேட்டேன், ஒரு மாதம் கழித்து. பதினைந்து நிமிடங்கள் கொடுத்தார்கள். அதற்குள் ஸ்கோரில் மூச்சு விடும் இடங்களையெல்லாம் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். மெதுவாகச் செல்லும் பகுதியை எடுத்தோம். மூன்றாவது முறை கையை உயர்த்தியபோது, என்னோடு சேர்ந்து எல்லோரும் மூச்சை உள்ளிழுப்பது காதில் விழுந்தது. வில்கள் ஒன்றாகக் கம்பியைத் தொட்டன. மூத்த செல்லோ கலைஞர் தம் தாளைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.