கருமுட்டையும் குருத்தோலையும்

கிராம சுகாதார செவிலியர்களான எங்களிடம் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு என்று ஒன்று இருக்கும்; மனைவி பிள்ளை பெறும் வயதில் உள்ள தம்பதியரின் கணக்கு அது. மனைவியின் வயது, உயிரோடிருக்கும் குழந்தைகள் எத்தனை, கடைசிக் குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டு எழுதுவோம். சாயல்குடி, மூக்கையூர் பக்கக் கடலோர ஊர்களில் குழந்தைக் கணக்கைக் கேட்டதும் சில வீடுகளில் பேச்சு நின்றுவிடும். மருமகள் உள்ளே போய்விடுவாள். "இவளுக்கு இன்னும் ஒண்ணும் தங்கல நர்சம்மா" என்று மாமியார் சொல்வார்.

குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளிதானது, செலவும் குறைவு. ஆனால் அதற்கு மட்டும் யாரும் கிளம்ப மாட்டார்கள். அதற்குள் ராமேசுவரத்தில் 22 தீர்த்தமும் ஆடி, நாகர் பிரதிஷ்டை செய்து, ஏர்வாடி தர்காவுக்கும் போய் வந்திருப்பார்கள். போகட்டும், மனசுக்குத் தெம்புதானே. கூடவே ஆஸ்பத்திரிக்கும் இரண்டு பேருமாக வாருங்கள் என்பேன். ஒரு வருடம் பார்த்தும் தங்கவில்லை என்றால் வர வேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும்.

கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும்போது நான் விரும்பிச் சொல்கிற விஷயம் ஒன்று உண்டு. பெண் சிசு தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் சினைப்பையில் முட்டைகள் உருவாகிவிடும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் இருக்கும், வயதுக்கு வரும்போது சில லட்சம்தான் மிஞ்சும், ஆயுள் முழுக்க வெளிவருவது நானூறு, ஐந்நூறு. அப்படியென்றால் நம்மைப் பெற்ற முட்டை, நம் அம்மாவைப் பெற்ற பாட்டியின் வயிற்றிலேயே இருந்திருக்கிறது. இதைக் கேட்டால் வயதான அம்மாக்கள் தங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

சரி, பிள்ளை பெறாதவர்கள்?

பனங்காட்டை ஒட்டிய ஊரில் ஓர் அக்கா பெட்டி முடைவார். குருத்தோலையை ஈர்க்கு நீக்கிக் காயவைத்து, கொதிக்கிற சாயத்தில் முக்கி, முடையும் முன் தண்ணீர் தெளித்துப் பதமாக்குவார். ஓலை காய்ந்திருந்தால் ஒடியும், அதிகம் நனைந்தால் பிறகு பின்னல் தளர்ந்துவிடும். அந்தப் பதத்தை அவர் விரல் நுனியில் உருட்டியே சொல்லிவிடுவார். கொட்டான் என்கிற சிறிய ஓலைப் பெட்டியின் மூலையை அவர் மடக்குகிற விதம் தனி. வாரை உள்ளே இழுத்துச் செருகிவிடுவதால் முனை எங்கே முடிகிறது என்று தேடினாலும் தெரியாது. கல்யாண வீடுகளில் தாம்பூலக் கொட்டானைப் பார்த்ததுமே அவர் கைவேலை என்று பெண்கள் சொல்லிவிடுவார்கள்.

"உனக்குப் பெட்டிதான் பிள்ளை" என்று உறவுக்காரர்கள் தேற்றுவது எனக்குப் பிடிக்காது. அவருக்கும்தான். "பெட்டி பெட்டிதான் நர்சம்மா. பிள்ளைக்காக அழுதது வேற, இது வேற" என்றார். அவர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. இல்லாத ஒன்றுக்கு ஈடாக அவர் முடைய உட்காரவில்லை. கல்யாணத்துக்கு முன்பே, தன் அத்தையிடம் உட்கார்ந்து கற்ற வேலை அது. பிள்ளை இருந்திருந்தாலும் முடைந்திருப்பார். மூன்று பிரசவம் அடுத்தடுத்து வந்ததால் ஓலைக் கத்தியை எடுத்து வைத்துவிட்ட பெண்களையும் நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி விடச் சொல்லும்போது, உடம்பு தேற என்பதோடு அவர்கள் கைவேலையும் என் நினைப்பில் இருக்கும்.

இப்போது அக்காவின் அண்ணன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறாள். மூலை மடக்கு அச்சு அசல் அத்தையுடையது. நிறம் மட்டும் அவள் இஷ்டம்: அத்தையின் ரோஸும் பச்சையும் போய், சாயம் போடாத வெள்ளோலையில் ஓரத்துக்கு மட்டும் கறுப்பு. "துக்க வீட்டுப் பெட்டி மாதிரி இருக்குடி" என்று அக்கா அவளைத் திட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ராமநாதபுரத்துக் கடைக்காரன் இதைத்தான் அதிகமா கேக்குறானாம்" என்றார்.