எண்களைத் தலைகீழாகச் சொல்லும் சோதனை

மகள் நான்காம் வகுப்பு. பாடத்தில் ‘விளையாடிக்கொண்டிருந்தார்கள்’ என்று வந்தால் எழுத்துக்கூட்டிக்கொண்டே ‘தார்கள்’ வரை வந்துவிடுவாள். அதற்குள் ‘விளையாடி’ மறந்துபோயிருக்கும். பேச்சில் படு சூட்டிகை. பள்ளியிலோ ‘கவனம் போதாது’ என்று டைரியில் எழுதி எழுதி அனுப்பினார்கள். குழந்தைநல மருத்துவர்தான் டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) மதிப்பீட்டுக்குப் போகச் சொன்னார்.

முதலில் கண், காது பரிசோதனை. அப்புறம் உளவியலாளரிடம் மாலின் நுண்ணறிவுச் சோதனை, அதன்பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனை. இரண்டையும் ஒரே நாளில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், பிள்ளை சோர்ந்துபோகும்.

அறிக்கையை உளவியலாளர் விளக்கியபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. எண்களைக் கேட்ட வரிசையிலேயே சொல்வதில் மகளுக்குச் சிக்கல் இல்லை. 4, 9, 2 என்றால் 2, 9, 4 என்று திருப்பிச் சொல்வதில்தான் தடுமாற்றம். நேராகச் சொல்ல, மனதில் பிடித்து வைத்தால் போதும். திருப்புவதற்குப் பிடித்தபடியே வேலையும் செய்ய வேண்டும். இதைத்தான் வொர்க்கிங் மெமரி என்கிறார்கள். எழுத்துக்கூட்டுவதும் அதே வேலைதான். ஒவ்வொரு எழுத்தையும் அடையாளம் காணவே முழு பலமும் செலவானால், முன்பு படித்ததைப் பிடித்துவைக்க இடமேது?

இந்த ஒரு மதிப்பெண்ணை வைத்து டிஸ்லெக்சியா என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. பயம், கவனச் சிதறல் இருந்தாலும் இது குறையும். வாசிப்பு, எழுத்து, ‘படகில் ப-வை எடுத்தால் என்ன மிச்சம்?’ மாதிரியான ஒலிக் கேள்விகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்த்தார். சோதனைக்கு முன் வீட்டில் எண் பயிற்சி கொடுத்துத் தயார் செய்யாதீர்கள், முடிவே கெட்டுவிடும்.

நினைவாற்றலைக் கூட்டும் கேம், செயலி என்று விற்கிறார்களே, வாங்கலாமா என்று கேட்டேன். அந்த விளையாட்டில் மதிப்பெண் ஏறும், வாசிப்பு ஏறியதாக ஆய்வுகள் காட்டவில்லை என்றார். எனக்கும் அது சரியாகப்பட்டது. அந்தக் காசு சிறப்பாசிரியருக்குப் போகிறது. ஒலியையும் எழுத்தையும் பொருத்தி, நீளமான சொல்லைத் துண்டு துண்டாகப் படிக்கப் பழக்குகிறார். வீட்டில் ‘பையை வை, கை கழுவு, நோட்டை எடு’ என்று அடுக்காமல் ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் அடங்கும். 2018 வழிகாட்டுதலில் 8 வயது நிறைந்தால்தான் சான்றிதழ் என்றிருந்தது. 14, 18 வயதுகளில் மறுமதிப்பீடும் இருந்தது. 2024-ல் புது வழிகாட்டுதல் வந்துவிட்டது. தேர்வில் கூடுதல் நேரம் கேட்கச் சான்றிதழ் தேவை. மொழிப்பாட விலக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றிருக்கிறோம், தமிழ்க் கதை கேட்பது அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.