ஜெனீவாவிலிருந்து ஷமோனிக்குப் பனிக்காலத்தில் கார் ஓட்டிப் போக

ஜெனீவா விமான நிலையத்திலிருந்து பிரான்ஸ் பக்கம் ஆல்ப்ஸ் மலையில் இருக்கிற ஷமோனிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கிப் புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடி வந்து சேருகிற தூரம்தான். பிள்ளைகள் சூரிக்கிலும் மியூனிக்கிலும் வேலை பார்க்கிற செட்டிநாட்டு வீடுகளில், டிசம்பர் லீவுக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டதும் "நாமே ஓட்டிக்கலாமே" என்று சொல்லிவிடுகிறார்கள். தாராளமாக ஓட்டலாம். ஆனால் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் பயப்படுகிறார்கள். மலைச்சாலை என்று எல்லோரும் நடுங்குகிற நடுப்பகுதி பெரும்பாலும் அகலமான விரைவுச் சாலை. உப்புத் தூவி, பனியை வழித்துத் தள்ளி, எந்நேரமும் திறந்து வைக்கப் பாடுபடுவார்கள். வண்டி மாட்டிக்கொள்வது கடைசி ஒரு கிலோமீட்டரில், விடுதிக்கு ஏறுகிற சந்தில். அதற்கான காரணம் அநேகமாக முதல் கிலோமீட்டரில், கார் எடுத்த கவுன்டரில் இருக்கும்.

அதற்கும் முன்னால் ஊரில் முடிக்க வேண்டியது ஒன்று உண்டு: சர்வதேச ஓட்டுநர் அனுமதி. உங்கள் லைசென்ஸ் முகவரி சிவகங்கை மாவட்டமோ புதுக்கோட்டை மாவட்டமோ, அந்தந்த ஆர்டிஓ அலுவலகத்துக்குப் பரிவாஹன் தளம் வழியாகப் படிவம் 4ஏ. கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். நம் ஆட்களுக்கு இதில் வருகிற தலைவலி பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும், லைசென்ஸில் இனிஷியல் மட்டும், கிரெடிட் கார்டில் மூன்றாவது விதமாக ஏதோ ஒன்று. கார் கவுன்டரில் இருப்பவருக்கு இனிஷியல் என்பதே புரியாது. கார்டும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகிற ஆள் பெயரில் முன்பதிவு செய்யுங்கள். அவரே முதல் டிரைவராக இருக்கட்டும். டெபாசிட்டை நிறுத்திவைக்க நிஜமான கிரெடிட் கார்டு கேட்பார்கள். ஃபாரெக்ஸ் கார்டையும் டெபிட் கார்டையும் பல இடங்களில் வாங்கமாட்டார்கள்.

ஜெனீவா விமான நிலையத்தில் கார் எடுக்க இரண்டு பக்கம் உண்டு: ஸ்விஸ் பக்கம், பிரெஞ்சு பக்கம். ஒரே கம்பெனிக்கு இரண்டு பக்கமும் கவுன்டர் இருக்கலாம். இணையத்தில் பார்த்தால் பிரெஞ்சு பக்கம் விலை குறைவாகத் தெரியும், கை அங்கேதான் போகும். கொஞ்சம் பொறுங்கள். ஸ்விஸ் பக்கக் காரில் பொதுவாகக் குளிர்கால டயர் இருக்கும், நெடுஞ்சாலைக்குக் கட்டணம் கட்டிய வில்லையான வின்யெட்டும் இருக்கும். பிரெஞ்சு பக்கக் காரில் இரண்டும் இருக்கிறதா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வின்யெட் இல்லாமல் ஸ்விஸ் நெடுஞ்சாலையில் ஏறினால் 200 பிராங்க் அபராதம், அதற்கு மேல் வின்யெட்டுக்கு 40 பிராங்க். அதைத் தவிர்க்க நினைத்தால் ஜெனீவா நகருக்குள் சிக்னல் சிக்னலாக ஊர்ந்து போக வேண்டும், இல்லையென்றால் ஃபெர்னே-வோல்தேர் பக்கம் போய் பெல்கார்ட் வழியாகச் சுற்றி பிரெஞ்சு விரைவுச் சாலையான ஏ40ஐப் பிடிக்க வேண்டும். விலையில் மிச்சம் பிடித்தது அந்தச் சுற்றிலேயே கரைந்துவிடும். காரைத் திருப்பிவிடும்போதும் எடுத்த பக்கத்திலேயே விட வேண்டும். மேப்பில் சும்மா ஜெனீவா ஏர்போர்ட் என்று போட்டால் ஸ்விஸ் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். குழந்தை குட்டியோடு போகிறவர்களுக்கு ஸ்விஸ் பக்கமே சரி என்பேன், விலை கூடினாலும்.

சாவி வாங்கியதும் முதலில் குனிந்து டயரைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்க வேண்டும். வெறும் எம்+எஸ் (சேறு, பனி என்பதன் சுருக்கம்) எழுத்து மட்டும் போதாது. பிரான்ஸில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மலைப்பகுதி ஊர்களுக்குள் நுழைகிற காரில் நான்கு குளிர்கால டயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிக்கியில் சக்கரத்துக்கு மாட்டுகிற பனிச் செயினாவது துணி உறையாவது இருக்க வேண்டும். இந்த விதி 2021 குளிர்காலத்தில் வந்தது. 2024 நவம்பரிலிருந்து மலைக்குறி உள்ள டயரைத்தான் குளிர்கால டயராக ஏற்கிறார்கள். சட்டத்தை விடுங்கள், காரணம் எளிது. சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகிப்போய் ரோட்டைப் பிடிக்காது. பனியே விழாத காய்ந்த ரோட்டிலும் இதே கதைதான். குளிர்கால டயரின் ரப்பர் குளிரிலும் இளகியிருக்கும், அதன் மெல்லிய கீறல்கள் பனியைக் கவ்வும்.

செயினை டிக்கியில் பார்த்ததும் திருப்தியாகிவிடக் கூடாது. டயரில் 205/55 ஆர்16 என்பது போல ஓர் அளவு இருக்கும். அதே அளவு செயின் பெட்டியின் மேலும் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். சில கார்களில் சக்கரத்துக்கும் உள் தகட்டுக்கும் இடைவெளி குறைவு. செயின் போடவே கூடாது என்று கையேட்டில் எழுதியிருக்கும். அந்தக் காருக்குத் துணி உறைதான். அதுவும் போகட்டும், விமான நிலையக் கார் நிறுத்தத்திலேயே, வெளிச்சத்தில், காய்ந்த தரையில் ஒருமுறை செயினை மாட்டிக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். இருட்டில் மைனஸ் எட்டில், விரல் மரத்துப்போன நிலையில், பிரெஞ்சு மொழிப் படக்குறிப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

மாட்டுகிற முறை இது. சமதளத்தில் நிறுத்தி, ஹஸார்ட் லைட் போட்டு, ஒளிரும் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்குங்கள். அந்தச் சட்டையும் முக்கோணமும் பிரான்ஸில் காரில் இருந்தே ஆக வேண்டும். எந்தச் சக்கரத்தை இன்ஜின் சுழற்றுகிறதோ அந்த ஜோடிக்குத்தான் செயின். வாடகைக்குக் கிடைக்கிற சிறிய கார் பெரும்பாலும் முன்சக்கர இழுவை, ஆகவே முன்னால். செயினைத் தரையில் விரித்துச் சிக்கெடுத்து, தரையோடு உட்காரும் கொக்கிகளின் முனை டயரைக் குத்தாமல் வெளியே பார்க்கும்படி வையுங்கள். வளைகிற கம்பி வளையத்தைச் சக்கரத்துக்குப் பின்னால் நுழைத்து, இரு முனையையும் மேலே தூக்கி இணைத்து, வளையத்தை உள்பக்கமாகத் தள்ளிவிடுங்கள். பிறகு முன்பக்கத்தில் மேல் கொக்கி, அடுத்துக் கீழ்க் கொக்கி. முடுக்குச் செயினைப் பூட்டுக்குள் செலுத்தி இழுத்து, மிச்ச நுனியைத் தொங்கவிடாமல் கொளுவிவிடுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் போட்டு, 50 முதல் 100 மீட்டர் வரை ஊர்ந்துபோய், இறங்கி மறுபடி இறுக்க வேண்டும். இந்தக் கடைசி இறுக்கத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தளர்ந்த செயின் சுழன்று சக்கரத்துக்குப் பின்னாலுள்ள பிரேக் குழாயையும் சென்சார் வயரையும் அடித்து அறுக்கும். வாடகைக் காரின் அடிப்படை இன்ஷூரன்ஸில் டயரும் அடிப்பாகமும் பெரும்பாலும் அடங்காது.

செயினோடு 50க்கு மேல் போகாதீர்கள். தார் தெரிகிற ரோடு வந்ததும் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அறுந்துவிடும். முக்கியமாக, செயினைச் சிக்கிய இடத்தில் போடாதீர்கள். ஏற்றத்துக்கு முன்பே போடுங்கள். சரிவில் பாதி புதைந்த சக்கரத்துக்குப் பின்னால் கை நுழையாது, பின்னால் வருகிற வண்டியும் உங்களைப் பார்த்து நிற்கும் என்று சொல்ல முடியாது. இதற்கென்றே சாலையோரம் ஒதுங்கும் இடங்கள் விட்டிருப்பார்கள். வட்டமான நீலப் பலகையில் செயின் சுற்றிய டயர் படம் இருந்தால் அங்கிருந்து செயின் கட்டாயம்.

சாதாரண டயருக்கு முன்னால் மட்டும் செயின் போட்டுக்கொண்டு மலையேறிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: ஏறுவது முடியும். இறங்கும்போது முன்சக்கரம் பிடித்து நிற்கும், பின்சக்கரம் பிடிக்காமல் வண்டியின் பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வரும்.

ரோட்டைப் பற்றிச் சுருக்கமாகப் போதும். ஸ்விஸ் பக்கத்திலிருந்து ஏ1 பிடித்து, பார்தோனே எல்லைச் சாவடி தாண்டி, ஏ40 வழியாக மோன் பிளாங் திசை. ஸ்விஸ் நெடுஞ்சாலையில் 120, பிரெஞ்சு விரைவுச் சாலையில் 130, மழை பெய்தால் 110. ஜெனீவா ஊருக்குள் 50 என்றால் 50தான். அனுமதித்த அளவை 6 முதல் 10 வரை தாண்டினாலே 120 பிராங்க். பிரெஞ்சுக் கட்டணச் சாவடியில் ஆரஞ்சு நிற 'டி' எழுத்து மட்டும் இருக்கிற வரிசையில் நுழையாதீர்கள், அது காரில் கருவி பொருத்தியவர்களுக்கு. லெ ஃபயேவில் விரைவுச் சாலை முடிந்து ஏற்றம் தொடங்குகிறது. ஷமோனி 1,035 மீட்டர் உயரம். ஊரை நெருங்கும்போது ஷமோனி பலகையைப் பார்த்து ஒதுங்காவிட்டால் சாலை நேராக இத்தாலிக்குப் போகிற சுரங்கப்பாதை வாசலுக்கு ஏறிவிடும். 11.6 கிலோமீட்டர் சுரங்கம், கட்டணமும் கனமாக இருக்கும்.

இந்தியக் கைக்கு முதல் அரைமணி நேரம் இடம் வலம் குழப்பும். இன்டிகேட்டர் போட நினைத்து வைப்பரைத் தட்டிவிடுவீர்கள், கியரைத் தேடி இடது கை கதவில் மோதும். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே கேட்க வேண்டும், அங்கே மேனுவல் கார் இன்னும் நிறைய. வைப்பர் தண்ணீரில் மைனஸ் 20 வரை உறையாத திரவம் இருக்க வேண்டும். உப்புக் கலந்த சேறு கண்ணாடியில் தெறித்துக்கொண்டே வரும், வெறும் தண்ணீரை அடித்தால் அப்படியே உறைந்து திரை போட்டுவிடும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. டிசம்பர் கடைசியில் அங்கே மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். அப்போது உங்கள் உடம்புக்கு இரவு ஒன்பதரை. வளைகுடா வழியாக ராத்திரி முழுக்க விமானத்தில் உட்கார்ந்து வந்தவர், பகல் மூன்று மணிக்கு மேல் தரையிறங்கினால் விமான நிலையம் பக்கத்திலேயே தங்கிவிட்டுக் காலையில் கிளம்புவது நல்லது. வால் தொரான்ஸ் போன்ற தாரன்தேஸ் பள்ளத்தாக்கு ஊர்களுக்குப் போகிறவர்கள் சனிக்கிழமையைத் தவிருங்கள். வாடகை வீடுகள் சனிக்குச் சனி ஆள் மாறுவதால் ஆல்பர்வில், முத்தியே பக்கம் மணிக்கணக்கில் வண்டி நிற்கும், பிப்ரவரி பள்ளி விடுமுறையில் இன்னும் மோசம். பனிச்சரிவு அபாயத்தால் சாலையை மூடினால் காருக்குள்தான் காத்திருக்க வேண்டும். பாதி டேங்க் எரிபொருளும், தண்ணீரும், கொஞ்சம் சீடையும் கையோடு இருக்கட்டும். உப்புக்கண்டம், நெய் டப்பா எல்லாம் ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள், இறைச்சிக்கும் பால் பொருளுக்கும் சுங்கத்தில் தடை. நின்ற வண்டியில் ஹீட்டர் ஓடினால் அவ்வப்போது இறங்கி சைலன்சர் வாயில் பனி மூடாமல் தள்ளிவிடுங்கள். அடைத்துக்கொண்டால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உள்ளே வரும், அதற்கு வாசனையும் கிடையாது.

இனி அந்தக் கடைசிக் கிலோமீட்டர். பெரிய சாலையை விட்டுத் திரும்பியதும் தரையில் அழுத்தப்பட்ட பனி, ஓரத்தில் வழித்துப்போட்ட பனிச் சுவர், ஒரு வண்டி மட்டும் போகிற அகலம், அதன் முடிவில் விடுதி வாசலுக்கு ஒரு செங்குத்துச் சரிவு. ஏறுவதற்கு முன் கீழே நின்று எதிரே வண்டி இல்லை என்று பாருங்கள். கிளம்பிவிட்டால் நடுவில் நிற்கக் கூடாது. மேனுவல் என்றால் இரண்டாவது கியர், கிளட்சை மெதுவாக விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரே சீராகப் பிடித்துக்கொள்ளுங்கள். சக்கரம் சும்மா சுழன்றால் மிதிக்காதீர்கள்; சுழலச் சுழல அடியில் பனி உருகிப் பளபளப்பான ஐஸாகிவிடும். பின்னால் உருட்டி இறக்கி, செயின் போட்டு மறுபடி ஏறுங்கள். புதுப்பனியில் சிக்கினால் சறுக்கலைத் தடுக்கிற இஎஸ்பி பட்டனை அணைத்துவிட்டு முயலலாம், ஏனென்றால் அது சக்கரம் சுழல்வதைப் பார்த்து இன்ஜின் வேகத்தை வெட்டிவிடும். வெளியே வந்ததும் மறுபடி போட்டுவிடுங்கள். இறங்கும்போது சின்ன கியர், பிரேக்கில் கால் வைப்பது குறைவாக இருக்கட்டும். ஏபிஎஸ் காலுக்கடியில் தடதடக்கும், பயந்து காலை எடுக்க வேண்டாம். நிழல் விழுகிற வளைவு, பாலம், சுரங்க வாய் மூன்றிலும் ரோடு ஈரமாகத்தான் தெரியும், ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத ஐஸ்.

விடுதி மேலே இருக்கிறது, சரிவு மோசம் என்று தெரிந்தால் கீழே ஊர்ப் பொது நிறுத்தத்தில் விட்டு நடந்து ஏறுவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. பெட்டிகளைத் தூக்க விடுதிக்காரர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

இரவு நிறுத்தும்போது கியரில் போட்டு, ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'யில் போட்டு விடுங்கள். சமதளத்தில் கை பிரேக்கை இழுக்காதீர்கள், ஈரம் உறைந்து காலையில் சக்கரம் பிடித்துக்கொள்ளும். வைப்பர்களைக் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். டீசல் கார் என்றால் மலையடிவார ஊர் பங்கில் நிரப்புவது பாதுகாப்பு. அங்கே விற்பது குளிருக்கு ஏற்ற டீசல், வெப்பமான சமவெளியிலிருந்து கொண்டுவந்தது கடுங்குளிரில் மெழுகு போலத் திரண்டு ஃபில்டரை அடைக்கும். காலையில் கண்ணாடியில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் சுரண்டிக்கொண்டு கிளம்பக் கூடாது, முழுக்கச் சுரண்டுங்கள். கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். கூரை மேல் இருக்கிற பனியையும் தள்ளிவிட்டே நகருங்கள். முதல் பிரேக்கில் மொத்தமாகச் சரிந்து முன் கண்ணாடியை மூடிவிடும்.