பனை வைரத்தில் ஒரு மடக்குக் கத்தி

எங்கள் சமையல்கூடத்துப் பழைய ஷெவ், அதாவது தலைமைச் சமையல்காரர், ஓய்வு பெற்றபோது தன்னுடைய லாயோல் மடக்குக் கத்தியை எனக்குத் தந்துவிட்டுப் போனார். கத்தியைச் சும்மா கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பது பிரெஞ்சுக்காரரின் நம்பிக்கை. அதனால் என்னிடம் ஒரு சதக் காசை வாங்கிக்கொண்டுதான் தந்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுக்காதே, கீழே வை என்று எங்கள் அம்மா சொல்வதும் கிட்டத்தட்ட அதே பயம்தான்.

அலகு அருமையான அலகு. மாட்டுக்கொம்புப் பிடிதான் வெடித்து, உள்ளே இருக்கும் தகட்டை விட்டுக் கிளம்பியிருந்தது. கொம்பு ஈரத்துக்கும் சூட்டுக்கும் அசையக்கூடியது. சமையல்கூடத்தில் வருஷக்கணக்காகப் புழங்கினால் அப்படித்தான் ஆகும். புதுப்பிடி போடுவோம் என்று தீர்மானித்ததும், எந்த மரம் என்று நான் யோசிக்கவே இல்லை. யாழ்ப்பாணத்து மீசாலையில் அம்மம்மா வீட்டுக் கூரையைப் பிரித்தபோது கழற்றிய பனங்கைமரத்தில் ஒரு துண்டு, பாரிசில் என் அலுமாரிக்கு மேல் சும்மா கிடந்தது.

பிரான்சில் கத்தி வேலை என்றால் தியேர் என்ற ஊர்தான். லாயோல் என்பது ஒப்ராக் மேட்டுநிலத்தில் உள்ள ஓர் ஊர். ஆனால் அந்தப் பெயரில் வந்த கத்திகளில் பெரும்பகுதியை நெடுங்காலமாகச் செய்தது தியேர்க்காரர்கள். லாயோலில் மறுபடி தொழிற்சாலை வந்தது 1987இல். பாரிஸ் பெர்சி நிலையத்தில் ரயில் ஏறி கிளெர்மோன்-பெராண்ட் போய், அங்கிருந்து கிழக்கே கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர் போகவேண்டும். துரோல் ஆறு பாறைகளுக்கு நடுவே இறங்கும் பள்ளத்தாக்கில் பழைய பட்டறைகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் சாணை பிடிப்பவர்கள் பலகையில் குப்புறப் படுத்தபடிதான் வேலை செய்வார்களாம். கீழே தண்ணீர் ஓடும் குளிருக்கு, கால்மேல் நாயைப் படுக்க வைத்துக்கொள்வார்கள். சாணைக்கல்லின் மஞ்சள் சேறு உடம்பெல்லாம் தெறிப்பதால் அவர்களுக்கு 'மஞ்சள் வயிறர்கள்' என்று பட்டப்பெயர். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஊர் அது.

நான் போன பட்டறையில் ஒரே ஒருவர்தான். அறுபது வயது இருக்கும். கத்தியைப் பார்க்கமுன் என்னைத்தான் விசாரித்தார். எதை வெட்டுவீர்கள், எந்தக் கை, நாளுக்கு எத்தனை தடவை திறப்பீர்கள், கழுவுவது யார். அப்புறம் பனைத்துண்டை வாங்கி, நகத்தால் கீறி, வெட்டு முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

பனையில் மற்ற மரங்களைப்போல ஆண்டு வளையம் கிடையாது. கறுப்பு நார்க்கற்றைகளும் அவற்றைப் பிடித்திருக்கும் மென்மையான சோறும்தான். வெளிப்பக்கத்தில் நார் நெருங்கி இறுகிய பகுதியைத்தான் நாங்கள் வைரம் என்கிறோம். கைமரமாகக் கூரையைத் தாங்குவதற்கு அது போதும். மூன்று மில்லிமீற்றர் தகடாகச் சீவினால் கதை வேறு. "இதை அப்படியே போட்டால் ஒரு வருஷத்தில் நார் நாராக எழும்பும், உங்கள் கையில் ஏறும்" என்றார். பிசின் ஊட்டவேண்டுமாம். மரத்தை அடுப்பில் வைத்து ஈரம் முழுக்கப் போகக் காயவைத்து, திரவப் பிசினில் அமிழ்த்தி, காற்றை உறிஞ்சும் கலத்துக்குள் வைக்கிறார்கள். மரத்துக்குள் இருக்கும் காற்று குமிழ் குமிழாக வெளியேறும். பிறகு உறிஞ்சுவதை நிறுத்தினால் அந்த இடத்துக்குள் பிசின் போய்விடும். அதற்குமேல் சுமார் 90 பாகைச் சூட்டில் வைத்தால் உள்ளேயே இறுகிவிடும். பனை பனையாகவே தெரியும், ஆனால் கைக்குக் கல் மாதிரி இருக்கும்.

நான் ஒரு பெரிய பட்டியலோடு போயிருந்தேன். பிடியில் சின்ன ஆணிகளால் பதிக்கும் இடையர் சிலுவை வேண்டாம் என்று அவரே வெட்டிவிட்டார். கறுப்பும் வெளிறலுமாக ஓடும் கோடுகளுக்குள் ஆணிகள் தொலைந்துபோகும் என்றார். சரி. பிடியின் முதுகோடு ஓடி அலகை அழுத்திப் பிடிக்கும் உருக்குத் துண்டுதான் வில். அதன் முதுகில் அரத்தால் ஓலைப்பின்னல் கொத்தலாமா என்று கேட்டேன். அதற்கும் இல்லை, மரமே போதுமான அளவு பேசுகிறது என்றார். அலகை மாற்றித் துருப்பிடிக்காத உருக்கில் போடலாமா என்றதற்கு மட்டும் கொஞ்சம் கோபம் வந்தது அவருக்கு. அது பழைய கரிம உருக்கு, தீட்டினால் சீக்கிரம் கூர் ஏறும். தேசிக்காயும் புளியும் பட்டால் சாம்பல் நிறமாகும், அது அழுக்கில்லை, துடைத்து உலர வைத்தால் போதும் என்றார்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. லாயோல் கத்தியின் வில் முனையில் ஒரு தேனீ உட்கார்ந்திருக்கும். நெப்போலியன் கொடுத்த சின்னம் என்று கடைகளில் சொல்வது கட்டுக்கதை. பூ, இலை என்று வேறு உருவம் வைப்பவர்களும் உண்டு. எனக்கு நுங்கு வேண்டும் என்றேன். கைபேசியில் படம் காட்டினேன். மூன்று கண்ணையும் பார்த்துவிட்டு "இது என்னைப் பார்க்கிறதே" என்று சிரித்தார். நல்ல லாயோலில் தேனீயைத் தனியாகச் செய்து ஒட்டுவதில்லை, வில்லோடு ஒரே துண்டாக வரும். ஆகவே நுங்குக்காகப் புது வில்லே அடிக்கவேண்டி வந்தது. விலை ஏறியதும் அங்கேதான்.

சில மாதம் கழித்துப் பொருத்துகிற நாளில் கூப்பிட்டார். பிடியைச் சுழலும் தேய்ப்புப் பட்டையில் தேய்க்கும்போது இரண்டு மூன்று நொடிக்கு ஒருதடவை தண்ணீரில் முக்கினார். பித்தளை ஆணி சூடேறினால் பிசின் இளகுமாம். ஆனால் அதிக நேரம் போனது வில்லுக்குத்தான். கத்தி திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும் வில் இரண்டு பக்கத் தகட்டோடும் ஒரே மட்டமாக இருக்கவேண்டும். கண்ணால் பார்க்காமல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் தட்டினால் கழற்றி, அரத்தால் ஓர் இழுப்பு, மறுபடி பொருத்தல். திறந்தபோது எழுந்த 'டக்'கைக் காதருகே வைத்துக் கேட்டார், முகம் சுளித்தார், மறுபடி கழற்றினார். எனக்கு முதல் தடவையே நன்றாகத்தான் கேட்டது.

கொடுக்கமுன் மூடப் பழக்கினார். இந்த வகைக் கத்தியில் பூட்டுக் கிடையாது. வில்லில் உள்ள ஒரு சின்ன மேடுதான் அலகைப் பிடித்திருக்கிறது. படாரென்று விட்டால் கூர் போய் வில்லில் அடிபட்டு மழுங்கும். விரலால் பிடித்து மெதுவாக இறக்கவேண்டும்.

நான் அதை வேலைப் பையில், மற்றக் கத்திகளோடுதான் கொண்டுபோகிறேன். தகுந்த காரணம் இல்லாமல் கத்தியோடு வெளியே திரிவது பிரான்சில் குற்றம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலுக்கு மரக்கறி வாங்கப் போனால், பொலிசுக்கு நுங்குக் கதை சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

எல்லாமாக 400 யூரோவுக்கு மேல் போனது. அதே காசுக்கு நல்ல புதுக் கத்தியே வாங்கலாம். மிஞ்சிய பனைத்துண்டைத் தனக்கு விடுவேனா என்று கேட்டு, அதற்காகக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். அடுத்த தடவை ஊருக்குப் போனால் இன்னும் வேண்டுமாம்.