மகனின் காதும் படித்துறைப் பாசியும்

என் மகனுக்கு வலது காதில் முதல்முதலாகச் சீழ் வந்தபோது நாலரை வயது. அது முழுதாக நின்றபோது ஏழு முடிந்திருந்தது. இடையில் எத்தனை பாட்டில் ஆன்டிபயாட்டிக் சிரப் குடித்திருக்கிறான் என்று பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. எங்கள் வீட்டில் நடந்ததை, காது ஒழுகும் பிள்ளையை வைத்துக்கொண்டு அலைகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நாங்கள் கல்லிடைக்குறிச்சி. முதல் தடவை மூன்று நாள் சளி, நாலாம் நாள் இரவு முழுக்கக் காதைப் பிடித்துக்கொண்டு அழுகை. விடியற்காலையில் அழுகை சட்டென்று நின்றது. தலையணை உறையில் மஞ்சள் கறை. செவிப்பறை ஓட்டையாகி உள்ளே கட்டியிருந்த சீழ் வெளியே வந்ததால்தான் வலி நின்றது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பிள்ளை தூங்குகிறானே என்று நிம்மதிதான் பட்டேன்.

அதற்குப் பிறகு வலி வந்ததே இல்லை. எங்களை ஏமாற்றியது அதுதான். சளி பிடித்தால் காது ஒழுகும். பக்கத்து டாக்டரிடம் போவோம், சிரப் தருவார், ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். மூன்று நாலு வாரம் கழித்து மறுபடியும் கெட்ட வாடையோடு ஈரம். வேறு சிரப், அடுத்து அதைவிட விலை கூடிய சிரப். ஒவ்வொரு தடவையும் புதுசாக ஏதோ கிருமி தொற்றியது என்றே நினைத்தோம். பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஆற்றில் குளிக்க விட்டதால்தான் என்று என் மனசே என்னைக் குத்திக்கொண்டிருந்தது.

அத்தை, அதாவது அவனுடைய ஆச்சி, பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டார்கள். மருந்துக் கடையில் கேட்டபோது, சீட்டு இல்லாமலே ஒரு சொட்டு மருந்து எடுத்துத் தந்தார்கள். ஜென்டமைசின் என்று அட்டையில் போட்டிருந்தது. செவிப்பறையில் ஓட்டை இருக்கும் காதில் அந்த வகை மருந்து உள்காதுக்குப் போனால் கேட்கும் திறனையே கெடுக்கக்கூடும் என்று பின்னால் தெரிந்தபோது எனக்குக் கை நடுங்கியது. நல்லவேளை, இரண்டு நாள்தான் விட்டிருந்தோம். எண்ணெயும் கூடவே கூடாதாம்.

ஒரு ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்தையனார் கோயிலில் குடும்பத்தோடு தங்கியிருந்தோம். மூன்று நாளும் பையன் ஆற்றை விட்டு ஏறவே இல்லை. ஊர் திரும்பிய வாரமே காது ஒழுகத் தொடங்கியது. இந்தத் தடவை சிரப்புக்கு நிற்கவில்லை. ஒரு மாதம் ஓடிற்று. அப்போதுதான் அவன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "வலது பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கான்மா" என்றார். மறுநாள் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி, பாளையங்கோட்டையில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் போனோம்.

அவர்கள் முதலில் மருந்து எதுவும் எழுதவில்லை. பையனைப் படுக்க வைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே சின்னக் குழாயால் சீழை உறிஞ்சி எடுத்தார்கள். பத்து நிமிடம் ஆனது. அதில் கொஞ்சத்தைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, என்னையும் அந்த மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்கள். செவிப்பறையின் நடுவில் ஒரு ஓட்டை, அதன் வழியாகத் தெரிந்த இடத்தில் ஈரமான, வீங்கிய சிவப்புத் தோல்.

"எந்த ஊரும்மா?" என்று கேட்டார்கள். சொன்னேன்.

"அப்போ ஆத்துப் படித்துறையில பாசி வழுக்கும்லா? அது மேல வாளி வாளியா தண்ணி ஊத்துனா போகுமா?"

"போகாது டாக்டர். தேங்கா நார் வச்சுத் தேய்க்கணும்."

"இவன் காதுக்குள்ள இருக்கதும் அந்த மாதிரிதான். நீங்க இவ்வளவு நாளும் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்திருக்கீங்க."

பயோஃபிலிம் என்ற பெயரை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். கிருமிகள் என்றால் தனித்தனியாக நீந்தித் திரிகிறவை என்று நினைத்திருந்தேன். அவை ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டியதும் சர்க்கரைச் சங்கிலி, புரதம், டிஎன்ஏ எல்லாம் கலந்த ஒரு கொழகொழப்பைச் சுரந்து தங்களைச் சுற்றிப் பூசிக்கொள்ளும். எதிர்க்க வந்த நம் வெள்ளை அணுக்கள் செத்தால், அவற்றின் டிஎன்ஏவும் அந்தப் பூச்சுக்கே சேர்மானம் ஆகிவிடும். படித்துறைக் கல்லின் வழுவழுப்பும் பல்லில் படியும் காரையும் இதே வகைதான். சைனஸிலும் நுரையீரலிலும் வருடக்கணக்காகத் தீராமல் இருக்கும் தொற்றுகள் சிலவற்றுக்குப் பின்னாலும் இது இருக்கிறது என்றார்கள்.

எனக்கு விளங்காமல் இருந்தது ஒன்றுதான். மருந்து கேட்காத கிருமி என்றால் ஒரு வாரத்தில் ஏன் காய்ந்தது? காய்ந்தது என்றால் ஏன் திரும்ப வந்தது? அதற்கு அவர்கள் சொன்ன விளக்கத்தை இன்றைக்கும் பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பூச்சின் அடியில் இருக்கும் கிருமிகளுக்குச் சத்தும் பிராணவாயுவும் குறைவாகத்தான் கிடைக்கும். அதனால் கிட்டத்தட்ட தூங்கும் நிலைக்குப் போய்விடும். அமாக்ஸிசிலின் போன்ற மருந்துகள், கிருமி வளர்ந்து சுவர் கட்டும்போதுதான் அதைக் கொல்லும். தூங்குவது சுவர் கட்டுவதில்லை. ஆக, மேலே மிதப்பவை சாகும், சளியும் அடங்கும், காது காயும். சிரப் முடிந்த பிறகு அடியில் கிடந்தவை விழித்துக்கொள்ளும். நாங்கள் பதினொரு தடவை பார்த்தது பெரும்பாலும் ஒரே தொற்றைத்தான்.

மூன்று நாள் கழித்து கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. சூடோமோனாஸ். காதில் நாள்பட்ட சீழுக்கு அடிக்கடி காரணமாக இருக்கும் கிருமி அது. நாங்கள் வாங்கிய சிரப்புகளில் பாதிக்கு மேல் அதைத் தொடவே செய்யாதாம். சிப்ரோஃப்ளாக்ஸாசினுக்குக் கட்டுப்படும் என்று ரிப்போர்ட்டில் இருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். லேபில் சோதிப்பது தனியாக மிதக்கும் கிருமியை வைத்து, பூச்சுக்குள் இருப்பது அந்த அளவு மருந்துக்கு அசையாது என்று டாக்டரம்மா சொன்னதும்தான் காரியத்தின் கனம் புரிந்தது. அதனால்தான் வாய்வழி மருந்து இல்லை, சொட்டு மருந்து. 0.3 சதவீதச் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 3 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. வாய்வழியாகச் சாப்பிட்டு ரத்தம் வழியே காதுக்கு வருவதைவிட இது பல நூறு மடங்கு அதிகம். ஆனால் சீழ் தேங்கி நிற்கும் காதில் விட்டால் சீழின் மேலேயே நின்றுவிடும். முதலில் துடைக்க வேண்டும். இதுதான் எங்களுக்கு யாரும் சொல்லாதது.

துடைக்கும் வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுத்தமான பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, விளக்குத் திரி திரிப்பது போல நுனி மெல்லிசாகத் திரித்துக்கொள்வேன். பட்ஸ் குச்சி கூடாது. காது மடலை மெதுவாகப் பின்னால் இழுத்துத் திரியை உள்ளே வைத்து, அது ஊறும்வரை விட்டு எடுப்பேன். அடுத்து புதுத் திரி. நுனி ஈரமில்லாமல் வரும்வரை இப்படியே. முதல் வாரம் ஒரு நேரத்துக்கு ஏழெட்டுத் திரி ஆனது. அப்புறம் மருந்துப் பாட்டிலை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, பையனை இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்துச் சொட்டு விடுவேன். குளிர்ந்த மருந்து விட்டால் தலை சுற்றும். விட்ட பிறகு காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை நாலைந்து தடவை அமுக்கினால் மருந்து ஓட்டை வழியாக உள்ளே இறங்கும். ஐந்து நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே ஆச்சி தினமும் ஒரு கதை வைத்திருந்தார்கள். எண்ணெய் விட்ட வருத்தம் அவர்களுக்கும் இருந்தது.

காலை, பள்ளி விட்டு வந்ததும், படுக்கும் முன் என்று மூன்று வேளை, பதினான்கு நாள். வாரம் ஒரு தடவை பாளையங்கோட்டைக்குப் போய் உறிஞ்சி எடுத்தோம். இரண்டாம் வாரக் கடைசியில் திரி உலர்ந்து வந்தது. ஒரு நாளும் விடாமல் செய்தோம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.

இரண்டு மாதம் காய்ந்து இருந்தது. ஐப்பசி மழையில் சளி பிடித்ததும் மறுபடியும் ஈரம். அன்றைக்கு நான் அழுதுவிட்டேன். டாக்டரம்மா கேட்டது ஒன்றுதான்: "ராத்திரி வாயைத் திறந்து தூங்குதானா? குறட்டை விடுதானா?" இரண்டும் உண்டு. பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தால், மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை பெரிசாக வளர்ந்து நின்றது.

மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் ஒரு குழாய் இணைக்கிறது. பிள்ளைகளுக்கு அது குட்டையாகவும் படுத்தவாக்கிலும் இருப்பதால் மூக்குக் கிருமி எளிதாகக் காதுக்கு ஏறிவிடும். அந்தக் குழாய் வாயிலில்தான் அடினாய்டு இருக்கிறது. அதன் மடிப்புகளில் இதே பயோஃபிலிம் படிந்திருக்கும். காதைத் துடைத்தோம், கிருமி வரும் வழியை விட்டுவிட்டோம். 2006-ல் அமெரிக்காவில் செய்த ஒரு ஆய்வைப் பற்றியும் சொன்னார்கள். அடிக்கடி காதுத் தொற்று வரும், காதில் நீர் தேங்கும் 26 குழந்தைகளின் நடுக்காதிலிருந்து எடுத்த 50 தோல் துண்டுகளில் 46-ல் பயோஃபிலிம் இருந்ததாம். வேறு காரணத்துக்காக அறுவை சிகிச்சைக்கு வந்த 8 பேரின் துண்டுகளில் ஒன்றிலும் இல்லை.

அடினாய்டில் இருக்கக்கூடிய கிருமிகளில் ஒன்றாக ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பெயரையும் சொன்னார்கள். அவனுடைய தடுப்பூசி அட்டையில் அந்தப் பெயரைப் பார்த்த ஞாபகம் எனக்கு. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி. 2011 டிசம்பரில் நம் நாட்டில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் வந்தது. போட்டும் ஏன் என்று கேட்டேன். அந்த ஊசி தடுப்பது மூளைக்காய்ச்சல் கொடுக்கும் பி வகையை. காதுக்கு வருவது பெரும்பாலும் மேலுறை இல்லாத வேறு வகை, அதற்கு இந்த ஊசி பொருந்தாது. போட்டது வீணில்லை என்று அவர்களே சேர்த்துச் சொன்னார்கள்.

தை மாதம் அடினாய்டை எடுத்தார்கள். மயக்க மருந்து கொடுத்து அரை மணி நேர வேலை. ஒரு வாரம் தொண்டை வலி, ஐஸ்கிரீமும் ரசஞ்சாதமும். நாலாம் இரவு அவன் வாயை மூடிக்கொண்டு தூங்குவதைப் பார்த்து என் கணவரை எழுப்பிக் காட்டினேன்.

பத்து மாதமாகக் காது காய்ந்திருக்கிறது. நடுவில் இரண்டு சளி வந்து போனது, ஈரம் வரவில்லை. ஓட்டை மட்டும் மூடவில்லை. காதுக்கு மேலே இருக்கும் தசையின் மெல்லிய உறையை எடுத்து ஓட்டையில் ஒட்டிச் சரி செய்யலாம், காது ஒழுகாமல் இருந்தால் ஒட்டுவது நன்றாகப் பிடிக்கும் என்கிறார்கள். வரும் மே லீவில் நாள் குறித்திருக்கிறோம். அதுவரை குளிக்கும் முன் பஞ்சில் வாஸ்லின் தடவிக் காதை அடைக்க வேண்டும், ஆற்றில் முங்கக் கூடாது. போன ஆடி அமாவாசைக்கும் காரையார் போனோம். மற்றப் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். இவன் வலது காதில் பஞ்சோடு படியில் உட்கார்ந்து, ஆச்சி மோந்து கொடுத்த செம்புத் தண்ணீரைத் தோளில் ஊற்றிக்கொண்டிருந்தான்.